பின் வலது சக்கரம்

அவளுக்கு அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பாள். நான்தான் முழங்கையால் இடிக்க வேண்டும். மற்றபடி கல்லூரி முழுக்க அவள் நண்டு. பிறகு வேலைக்குப் போன இடத்திலும் நண்டு. இத்தனைக்கும் யாரையும் கிள்ளுகிற ஆள் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அவள் அங்கே இருக்கிறாள் என்பதே தெரியாது.

எனக்கு ரேடியோ என்று பெயர். காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மெக்கானிக்கல் பிரிவில் அந்த வருஷம் அறுபது பேரில் பெண்கள் இரண்டே பேர். வாயைத் திறக்காத ஒருத்தி, மூடத் தெரியாத ஒருத்தி. முதல் பெஞ்சில் எங்களை அடுத்தடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அவள் வீடு ஒரு கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. அவள் அம்மா அந்தக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தார். அப்பா என்கிற ஆள் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். அம்மாவும் பெண்ணும் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர், ஒரு தோசைக்கு நாலு வழக்கு நடக்கும். அவள் ஒருநாள் வந்து அரை மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். "பாவம், அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று என் அம்மா கேட்டாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருஷம் மாணவர்களுக்கான ரோபோ போட்டி வந்தது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். எங்களில் ஒருவனை எல்லோரும் கேப்டன் என்போம். கிரிக்கெட் கேப்டன் இல்லை. எந்த வேலையானாலும் முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். போட்டிக் களத்தில் இரண்டு பக்கமும் அலமாரிகள், நடுவே ஒடுங்கிய சந்து. சந்துக்குள் போய் அலமாரியிலிருக்கும் பெட்டிகளை எடுத்து வந்து மேடையில் அடுக்க வேண்டும். இரண்டரை நிமிஷத்தில் யார் அதிகம் அடுக்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

"திரும்பறதுக்குத்தான் நேரம் போகும்," என்றாள் நண்டு. அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அது. "திரும்பாமலே போற வண்டி செய்வோம்."

எல்லோரும் செய்கிற வண்டி சுலபமானது. இடது பக்கம் இரண்டு சக்கரம், வலது பக்கம் இரண்டு. ஒரு பக்கத்தை வேகமாகச் சுற்றினால் வண்டி மறுபக்கம் திரும்பும். இவள் சொன்ன வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு மோட்டார். ஒன்று உருட்டுவதற்கு, இன்னொன்று சக்கரத்தையே திருப்புவதற்கு. நாலு சக்கரமும் ஒன்றாகப் பக்கம் பார்த்துத் திரும்பினால், வண்டி முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் போகும். கையைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி அவள் அதை விளக்கியபோதுதான் கேப்டன், "நண்டு மாதிரியா?" என்று கேட்டான். அவளும் ரொம்ப சீரியஸாக, "ஆமா, நண்டு மாதிரிதான்," என்றாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பின் கடைசியில், பழைய லேத் மிஷின்களுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், காற்றாடாத ஒரு ஜன்னல். மற்ற மூன்று பேரும் பெட்டி தூக்குகிற கையைச் செய்ய, நானும் அவளும் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொண்டோம் என்பது என் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம். அவள் செய்தாள், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து ஊர்க்கதை பேசினேன்.

முதல் சக்கரத் தொகுதிகள் தயாராகி, வண்டியைத் தரையில் விட்ட அன்றைக்கு அது தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னாள். சக்கரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்ந்த பல் வெட்டிய கியர் ஒன்று இருக்கும். தொகுதிகளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் நாலு சக்கரத்தையும் கையால் நேராக நிறுத்தி, 'இதுதான் நேர்' என்று லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். அப்போது நாலு கியரும் இடது பக்கம் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைப் பாதிச் சுற்றுத் திருப்பி நிறுத்திவிட்டால் கண்ணுக்கு அதுவும் நேராகத்தான் தெரியும். ஆனால் மற்ற மூன்றும் முன்னால் ஓட, அது மட்டும் பின்னால் ஓடும்.

அன்றைக்கே ஒரு பட்டியல் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டினோம். பதினெட்டு வரி. ஏழாவது வரி, 'கியர் நாலும் இடமா?' சரிபார்க்கும்போது நான் மேலே நின்று படிப்பேன். அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பதில் சொல்வாள்.

"முன் இடது?"

"இடம்."

"முன் வலது?"

"இடம்."

அவள் பதில் சொன்ன பிறகுதான் நான் டிக் போடுவேன். இதில் நான் என் வேலையைக் காட்டுவதற்காக நடுநடுவே நியூஸ் வாசிக்கிற குரலில் படிப்பேன், வானிலை அறிக்கை சேர்ப்பேன். ஒருநாள் அடியிலிருந்து குரல் வந்தது: "ரேடியோ, பேசாம படி."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அங்கே வெறும் தொண்டைதானே, வேறு என்ன என்று தோன்றிவிட்டது.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, பொறுப்பாசிரியரான மெக்கானிக்கல் சார் வந்து வண்டியைப் பார்த்தார். சக்கரங்களை எண்ணினார், மோட்டார்களை எண்ணினார், தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு சக்கரத்துக்கு எட்டு மோட்டாரா? எட்டுல ஒண்ணு படுத்தா என்னம்மா செய்வீங்க?"

"மாத்துவோம் சார்."

"யாரு மாத்துவா? மேட்ச் நடுவுலயா? பேசாம எல்லாரும் செய்ற மாதிரி செஞ்சுட்டுப் போங்க."

கேப்டனுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். சார் வாயிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு சார் ஒரு தீர்ப்புச் சொன்னார். கல்லூரி சார்பில் இரண்டு வண்டி போகட்டும். கேப்டன் குழு சாதாரண வண்டி செய்யட்டும், நண்டு அவள் வண்டியைச் செய்யட்டும். தகுதிச் சுற்றில் ஆளுக்கு மூன்று மேட்ச். அவள் வண்டி ஒன்றிலாவது ஜெயித்தால் அந்த அறையும் எட்டு மோட்டாரும் அடுத்த வருஷமும் அவளுக்கு. மூன்றிலும் தோற்றால் வண்டியைப் பிரித்து எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும், இனிமேல் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

"யார் யார் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சார்.

மற்ற இரண்டு பேரும் கேப்டன் பக்கம். நான் நண்டைப் பார்த்தேன். அவள் ஏதோ ஒரு போல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். 'நீ இருடி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் கேப்டன் பக்கம் சார்," என்றேன். அப்போதும் அவள் போல்ட்டைத்தான் துடைத்தாள்.

அதன் பிறகு நாற்பது நாள் நான் அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நோட்டு கேட்டால் கொடுத்தாள், ரப்பர் கேட்டால் கொடுத்தாள். மாலையில் நாங்கள் கேப்டன் குழுவுக்குக் கொடுத்த புது அறையில் கூச்சலும் கும்மாளமுமாக வேலை செய்ய, லேத்துகளுக்குப் பின்னாலிருந்து அவள் அரம் தேய்க்கிற சத்தம் வரும். ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். வண்டியை மேஜைமேல் ஏற்ற ஆள் இல்லாமல், ஒரு பக்கத்தைத் தூக்கி அடியில் பலகை வைத்து, அடுத்த பக்கத்தைத் தூக்கிப் பலகை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே போயிருக்கலாம். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

போட்டி ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. எங்கள் குழுவைக் கல்லூரி வேனில் அனுப்பினார்கள். வேனில் ஒரு வண்டிக்குத்தான் இடம் என்றார் டிரைவர். நண்டு நாலு சக்கரத் தொகுதிகளையும் கழற்றித் துணிகளுக்கு நடுவே சூட்கேஸில் வைத்து, சட்டத்தைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வந்த இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினாள்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை வேவு பார்ப்பது. அதற்கு இங்கிலீஷில் மரியாதையான பெயர் இருக்கிறது, ஆனாலும் வேவுதான். மேல் வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டியும் எப்படி ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று எழுதிக் கேப்டனுக்கு அனுப்ப வேண்டும்.

அவளுடைய முதல் மேட்ச் பதினோரு மணிக்கு. களத்தின் ஓரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு நாற்காலி, ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று துணைக்கு. நடுவர் அவளிடம் ஏதோ கேட்பதும், அவள் தலையை ஆட்டுவதும், அவர் இரண்டாவது நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போடுவதும் மேலிருந்து தெரிந்தது. விசில் ஊதியது. வண்டி கிளம்பி இரண்டடி போனதும் உடம்பெல்லாம் உதறி, வலது பக்கமாக வாங்கி, பின் வலது மூலையை யாரோ பிடித்து இழுப்பதுபோல் அந்த மூலையைச் சுற்றியே திரும்பத் திரும்ப வந்தது. அரங்கத்தில் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கூத்தை நான் ஒரு தடவை பார்த்தவள். நோட்டில் அவள் வண்டிக்கு நேராக 'பின் வலது, கியர்' என்று எழுதினேன். எழுதின கையோடு அதை அடித்தேன்.

போனில் கேப்டன் கேட்டான்: "நண்டு வண்டிக்கு என்ன ஆச்சு?"

"தெரியல," என்றேன்.

அவனுக்காக மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் என்னிடம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மேலே அண்ணாந்து ஒரு தடவை பார்த்தால் போதும், இறங்கி ஓடிவிடலாம் என்று செருப்பை மாட்டித் தயாராகவே இருந்தேன். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. மற்றக் குழுக்கள் ஐந்து பேரும் பத்துப் பேருமாக வண்டியைத் தூக்கிக்கொண்டு போக, அவள் தன் வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

குழுக்களுக்காகக் களத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருந்த, முன்பக்கம் திறந்த கூடாரங்கள் மேலிருந்து நன்றாகத் தெரியும். அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். கோளாறு அந்த மூலையில்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள், சூடு. அடியில் படுக்காமல், வண்டியின் மேல்பக்கம் வழியாகவே அந்த மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். பலகை கொடுத்துக் கொடுத்து வண்டியை மேஜைமேல் ஏற்றி, லேப்டாப்பில் தட்டினாள், எட்டிப் பார்த்தாள், சக்கரம் சுற்றியது. சுற்றுகிறதா என்று பார்த்தாளே தவிர, மற்ற மூன்றும் சுற்றுகிற பக்கமே இதுவும் சுற்றுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. விசையைத் தட்டுகிற கைக்கும் மற்ற சக்கரங்களுக்கும் நடுவே மேஜையும் வண்டியின் உடம்பும் மறைத்தன. ஒருத்தர் தட்ட, ஒருத்தர் குனிந்து பார்க்க வேண்டிய வேலை அது. பட்டியலின் ஏழாவது வரியில் காலையிலேயே டிக் போட்டிருப்பாள். டிக் போட்ட இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மேட்சிலும் அதே ஆட்டம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பாதியிலேயே அவள் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நேரம் முடிகிற வரைக்கும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடாரத்துக்குப் போனதும் வயர்களை மாற்றினாள். வாயில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், தோளில் ஒரு வயர்ச் சுருள். நடுவில் ஒரு தடவை அப்படியே நின்று, கூடாரத்துத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மேட்ச் யாரோடு என்று பலகையில் போட்டார்கள். எங்கள் குழுவோடு.

அப்போதாவது எழுந்து போயிருக்க வேண்டும். இப்போது போனால் சொந்தக் குழுவைக் காட்டிக்கொடுத்ததாகுமே என்று ஒரு சாக்குக் கிடைத்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போகாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கேப்டன் வண்டி போய் வந்து, போய் வந்து, பன்னிரண்டு பெட்டி அடுக்கியது. நண்டு வண்டி களத்தின் நடுவே கறுப்புக் கறுப்பாக ரப்பர் வட்டம் போட்டுவிட்டு, கருகிய நாற்றத்தோடு நின்றது. அவள் எழுந்து கேப்டனுக்குக் கை கொடுத்தாள். அவன் கொஞ்சம் கூசியபடிதான் வாங்கிக்கொண்டான்.

எல்லாம் முடிந்த பிறகு இறங்கிப் போனேன். கூடாரத்தில் அவள் தரையில் உட்கார்ந்து, கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி," என்றாள், நேற்றுத்தான் கடைசியாகப் பேசிக்கொண்டதுபோல. "டிசைன்தான்டி தப்பு. சார் சொன்னது சரி. மோட்டார் மாத்தினேன், வயர் மாத்தினேன். இதுக்கு மேல எனக்குத் தெரியல."

நான் கீழே மல்லாந்து படுத்தேன். அதுவரைக்கும் அவள் வண்டிக்கு அடியில் நான் படுத்ததே இல்லை. டார்ச் அடித்தேன்.

"பின் வலது," என்றேன். "கியர் வலது பக்கம் இருக்கு."

பிறகு அவளும் பக்கத்தில் வந்து படுத்தாள். இரண்டு பேரும் அந்தக் கியரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு பார்த்தேன்டி," என்றாள். "நாலாவது பார்க்கும்போது வண்டியை எடை போடணும்னு கூப்பிட்டாங்க. எழுந்து போயிட்டு வந்து நாலுக்கும் டிக் போட்டுட்டேன்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "நீ எப்பப் பார்த்தே?"

"இப்பத்தான்," என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்த பொய். அவளோ எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் அதுவரை பார்த்தே இராத மாதிரி சிரித்தாள். "அப்போ டிசைன் தப்பில்ல! நீ மட்டும் வரலேன்னா டிசைன்தான் தப்புன்னு நினைச்சே கிடந்திருப்பேன்."

சக்கரத்தைக் கையால் பாதிச் சுற்றுத் திருப்பினாள், பதிவு செய்தாள். கருகிய வயர் ஒன்றை மாற்றினாள். அரங்கத்துக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த நீண்ட நடைபாதையில் வண்டியை இறக்கினோம். அது போனது. முன்னால் போனது, முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் போனது, மூலைவாட்டில் சறுக்கினதுபோல் போய் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தது. அவ்வளவு அழகாக ஒரு வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். உள்ளே யாருக்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை சாரிடம் போய், கியர் ஒன்று திரும்பியிருந்தது, வண்டி இப்போது ஓடுகிறது என்று சொன்னாள். "தோத்தது தோத்ததுதானேம்மா," என்றார் சார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவளே பிரித்து, எட்டு மோட்டாரையும் எட்டுப் பையில் போட்டு, ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் அவற்றில் நாலு கேப்டன் வண்டிக்குப் போயின.

படிப்பு முடிந்து அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தாள். சர்வீஸ் வேலை. பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்கி, கயிறும் பிரேக்கும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க இருட்டுக்குள் ஒரு தலை விளக்கோடு நிற்கிற வேலையை, மனிதர்களே வேண்டாம் என்று தேடிப் பிடித்துக்கொண்டாள் என்று நான் கேலி செய்வேன். "மேல ஒருத்தர் நிப்பாங்கடி, வாக்கி டாக்கில பேசுவாங்க," என்பாள். "என்ன பேசுவாங்க?" என்றால், "இறக்கவா, ஏத்தவா," என்பாள்.

நான் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளை பெற்று, வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இருபத்து நாலு மணி நேர ஒலிபரப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். இப்போதும் நாற்காலி நுனிதான். பிள்ளைகள், "நண்டு சித்தி, நண்டு சித்தி," என்று மேலே ஏறுவார்கள். போவதற்குள் மிக்ஸியையோ ஃபேனையோ பழுது பார்த்துவிடுவாள். யாராவது புது ஆள் இருந்தால் என்னைக் காட்டிச் சொல்வாள்: "என் வண்டியில என்ன தப்புன்னு இவதான் கண்டுபிடிச்சா. வேற ஒருத்தரும் கிட்ட வரல." நான் காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

போட்டி முடிந்து பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டு வருஷம் முன்னால் அவள் அம்மா தவறிப்போனார். கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையைக் காலி செய்துவிட்டு, வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு ஒற்றை அறைக்குப் போனாள். போன மாதம் ஒரு மத்தியானம் போன் செய்து, "பித்தப்பையில கல்லாம். ஆபரேஷன் செய்யணுமாம். ஒருத்தர் கூட இருக்கணும்னு சொல்றாங்க. உனக்கு முடியுமா? முடியலேன்னா பரவாயில்ல," என்றாள். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். என்னிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. இது முதல் தடவை.

பையில் துணி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை. பச்சை கவுன் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு போக ஒரு நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் என் பெயரையும் நம்பரையும் நண்டு எழுதியிருந்தாள்.

"உறவுன்னு கேட்டிருக்கு," என்றாள். "என்னடி போடறது?"

"தோழின்னு போடு."

"அப்படி ஒரு கட்டமே இல்ல. கணவர், பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளை. அப்புறம் மத்தவை." பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கும் நீதான் வந்தே. இன்னிக்கும் நீதான் வந்திருக்கே."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நாளைக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவளிடம் சொல்கிற விஷயமா என்று கேட்டால், இல்லைதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் பதினோரு வருஷம் இருந்ததே பெரிது.

"நான் முதல் மேட்ச்லயே பார்த்துட்டேன்டி," என்றேன். "மேல இருந்து. நோட்டுல எழுதிக்கூட வச்சேன். வந்து சொல்லல."

அவள் பேனாவை மூடினாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு மேட்சும் பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"கேப்டன் சொல்லக் கூடாதுன்னானா?"

"அவன்கிட்டயும் சொல்லல."

"அப்ப எதுக்குடி?"

"நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன்," என்றேன். வெளியே வந்ததும்தான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே கேட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அழுதாவது தொலைத்திருப்பேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"நான் யாரையும் கூப்பிட்டதே இல்லையேடி," என்றாள் கடைசியில். "கூப்பிட்டா வருவாங்கன்னே எனக்குத் தெரியாது."

"ஃபாரத்தைக் கொடுங்கம்மா, நேரமாச்சு," என்றாள் நர்ஸ்.

"என் பேரை அடிச்சிடவா?" என்று கேட்டேன்.

அவள் ஃபாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவைத் திறந்து, 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள். "வேற யாரு பேரைப் போடறதுன்னு எனக்குத் தெரியல."